ஒரு கமிட், ரெண்டு தேதி: கிட் சொல்ற நேரத்தை எப்படிப் படிக்கிறது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். கமாண்டுகள் ஒலிப்பில் சொன்னபடியே இருக்கின்றன.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மீட்டிங்ல ஆரம்பிக்குது.

போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்சு எல்லாரும் ஆபீஸ் வந்த முதல் நாள். லீவுல புரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சினை. சில கஸ்டமர்ஸுக்கு ரீஃபண்ட் மெசேஜ் ரெண்டு ரெண்டு தடவை போயிருக்கு. பணம் ஒரு தடவைதான் போச்சு, மெசேஜ் மட்டும் ரெண்டு. ஆனா வாங்கினவங்களுக்கு அது தெரியாதுல்ல? சப்போர்ட் டீமுக்கு போன் மேல போன்.

மேனேஜர் ஸ்கிரீன்ல ரிலீஸ் ரிப்போர்ட்டைப் போட்டார். லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு கோட் ஃப்ரீஸ். அதுக்கு மேல ரிலீஸ் பிரான்ச்ல யாரும் கை வைக்கக் கூடாது. ரிப்போர்ட்ல கடைசி வரி என்ன சொல்லுதுன்னா, எங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒரு தம்பி பேரு, பக்கத்துல நேரம்: ராத்திரி 9.40.

"ஃப்ரீஸுக்கு அப்புறம் ஏன்பா கோட் போட்ட?"

அந்தத் தம்பி முகம் வெளுத்துப் போச்சு. "இல்ல சார், நான் அன்னைக்கு 8.30-க்கே ஊருக்கு பஸ் ஏறிட்டேன். லேப்டாப் பேக்லயேதான் இருந்துச்சு." மேனேஜர் திரும்ப ஸ்கிரீனைக் காட்டறார். பேர் இருக்கு, நேரம் இருக்கு, வேற என்ன வேணும்? தம்பி அப்போ ப்ரொபேஷன்ல இருந்தான். இந்த மாதிரி ஒரு விஷயம் ரெவ்யூல ஏறினா கன்ஃபர்மேஷன் தள்ளிப் போகும், இல்ல போயே போகும்.

ரிப்போர்ட் பொய் சொல்லல. தம்பியும் பொய் சொல்லல. அது எப்படிங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஒரு கமிட்டுக்குள்ள என்ன இருக்கு?

நம்மள்ல நிறைய பேர் ஒரு கமிட்டுக்கு ஒரு நேரம்தான் இருக்குன்னு நினைக்கிறோம். நானும் வேலைக்கு வந்து ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். உண்மையில ரெண்டு இருக்கு.

ஒரு கமிட்டைத் திறந்து பார்த்தா உள்ள சில வரிகள்தான். ஃபைல்களோட நிலையைக் காட்டற ட்ரீ, முந்தின கமிட்டைக் காட்டற பேரண்ட், அப்புறம் ஆத்தர் வரி, கமிட்டர் வரி, கடைசியா நீங்க எழுதற மெசேஜ். ஆத்தர் வரியில ஒரு பேர், ஒரு ஈமெயில், ஒரு நேரம். கமிட்டர் வரியிலயும் அதே மாதிரி ஒரு பேர், ஒரு ஈமெயில், ஒரு நேரம்.

ஆத்தர் டேட்னா, இந்த மாற்றத்தை முதல்ல எழுதினவர் எப்போ எழுதினார்ங்கிறது. கமிட்டர் டேட்னா, இந்தக் குறிப்பிட்ட கமிட் இப்போ இருக்கிற வடிவத்துல எப்போ உருவாச்சுங்கிறது. உங்க லேப்டாப்ல நீங்களே கோட் எழுதி நீங்களே கமிட் பண்ணா ரெண்டும் ஒண்ணா இருக்கும். அதனாலதான் வித்தியாசமே நம்ம கண்ணுல படறதில்ல.

எதுக்கு ரெண்டு? இதுக்கு கிட் எங்க பொறந்துச்சுன்னு பார்க்கணும். 2005 ஏப்ரல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் இதை லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதினார். கெர்னல்ல மாற்றம் எழுதறவர் அதை ஒரு பேட்ச்சா மெயில்ல அனுப்புவார். அந்தப் பகுதியைப் பார்த்துக்கிற மெயின்டெய்னர் அதைப் படிச்சு, சரின்னு பட்டா, சில நாளோ சில வாரமோ கழிச்சு தன்னோட ரெப்போல சேர்ப்பார். எழுதினவர் ஒருத்தர், சேர்த்தவர் இன்னொருத்தர். ரெண்டு பேருக்கும் கணக்கு வேணும். மெயில்ல இருந்து பேட்ச்சைச் சேர்க்க 'கிட் ஏஎம்'னு ஒரு கமாண்ட் இருக்கு. அது மெயில்ல இருக்கிற தேதியை ஆத்தர் டேட்டா எடுத்துக்கும். சேர்த்த நேரத்தை கமிட்டர் டேட்டா போடும்.

ஒரு கடிதத்தை நினைச்சுக்கோங்க. மேல மூலையில எழுதினவர் கையால போட்ட தேதி ஒண்ணு, கவர் மேல தபால் முத்திரைத் தேதி ஒண்ணு. ஆத்தர் டேட் முதலாவது, கமிட்டர் டேட் ரெண்டாவது. இந்த உதாரணத்துல ஒரு ஓட்டை இருக்கு, அதைக் கொஞ்ச நேரம் கழிச்சு சொல்றேன்.

எந்த வேலை எந்தத் தேதியை மாத்தும்?

சாதாரண கமிட்: ரெண்டும் இப்போதைய நேரம்.

அமெண்ட்: கடைசி கமிட்ல ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த 'கிட் கமிட் --அமெண்ட்' அடிக்கிறீங்க. ஆத்தர் டேட் பழசாவே இருக்கும். கமிட்டர் டேட் புதுசாகும்.

செர்ரி-பிக்: வேற பிரான்ச்ல இருக்கிற ஒரு கமிட்டை எடுத்து இங்க வைக்கறீங்க. எழுதினவர் பேரும் ஆத்தர் டேட்டும் அப்படியே வரும். கமிட்டரா உங்க பேர், நீங்க பண்ண நேரம்.

ரீபேஸ்: இதுவும் அதே கதைதான், ஆனா ஒண்ணு இல்ல, வரிசையா பல கமிட். 10 நாள் உட்கார்ந்து எழுதின 15 கமிட்டை ஒரு ரீபேஸ் பண்ணா, 15-க்கும் கமிட்டர் டேட் கிட்டத்தட்ட ஒரே நிமிஷத்துல வந்து நிக்கும். "எல்லாத்தையும் ஒரே நாள்ல எழுதினியா?"னு யாராவது கேட்டா, பாதி நேரம் காரணம் இதுதான்.

இப்போ அந்த மீட்டிங்குக்கு திரும்ப வருவோம். நான் மெதுவா லேப்டாப்பைத் திறந்து 'கிட் லாக் --ப்ரிட்டி=ஃபுல்லர்'னு அடிச்சேன். இந்த ஃபுல்லர்ங்கிற ஃபார்மட்தான் ரெண்டு பேரையும் ரெண்டு தேதியையும் சேர்த்துக் காட்டும். அந்த கமிட்ல ஆத்தர், தம்பி. ஆத்தர் டேட், லீவுக்கு மூணு நாள் முன்னாடி மத்தியானம். கமிட்டர் டேட், ராத்திரி 9.40. கமிட்டர் பேர்?

என் பேர்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. தம்பியோட மாற்றம் ஃப்ரீஸுக்கு முன்னாடியே அப்ரூவ் ஆயிருந்துச்சு. ஆனா மெர்ஜ் பண்ணப் போனா கான்ஃப்ளிக்ட். "அப்ரூவ் ஆனதுதானே, நானே முடிச்சு விட்டுடறேன்"னு ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உட்கார்ந்து, அவன் பிரான்ச்சை ரிலீஸ் மேல ரீபேஸ் பண்ணி புஷ் பண்ணேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பற அவசரம். கான்ஃப்ளிக்ட்ல ரெண்டு பக்கத்து கோடையும் அப்படியே வச்சுட்டேன். மெசேஜ் அனுப்பற வரி ரெண்டு தடவை இருந்துச்சு. ரெண்டு மெசேஜ் போனதுக்குக் காரணம் அதுதான்.

ரிலீஸ் ரிப்போர்ட் எடுக்கற ஸ்கிரிப்ட் எப்போ யார் எழுதினதோ தெரியாது. அது ஆத்தரோட பேரையும் கமிட்டரோட தேதியையும் எடுத்து ஒரே வரியில ஒட்ட வச்சிருந்துச்சு. அவன் பேர், என் நேரம். தனித்தனியா ரெண்டும் உண்மை. சேர்த்துப் படிச்சா நடக்காத ஒரு விஷயம்.

லாக்ல காட்டற தேதி ஒண்ணு, தேடற தேதி வேறொண்ணு

இந்தக் குழப்பம் எங்க ஸ்கிரிப்ட்ல மட்டும் இல்ல. கிட்டையே எடுத்துக்கோங்க. வெறும் 'கிட் லாக்' அடிச்சா காட்டற தேதி ஆத்தர் டேட். ஆனா 'கிட் லாக் --சின்ஸ்=நேத்து'ங்கிற மாதிரி தேதி வச்சு வடிகட்டினா, அது பார்க்கிறது கமிட்டர் டேட்.

அதனால என்ன ஆகும்? ஒரு வாரத்துல என்ன மாறுச்சுன்னு தேடுவீங்க. பதில்ல மூணு மாசம் பழைய தேதி போட்ட கமிட் ஒண்ணு வந்து நிக்கும். கிட்ல பக்-னு நினைச்சுடாதீங்க. மூணு மாசம் முன்னாடி எழுதினதை யாரோ இந்த வாரம் ரீபேஸ் பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான்.

வரிசையும் அப்படித்தான். பல பிரான்ச் கலந்த வரலாற்றுல எது மேல, எது கீழன்னு லாக் முடிவு பண்றது கமிட்டர் டேட்டை வச்சு. ஆக, கண்ணுக்குத் தெரியற ஆத்தர் டேட் முன்னும் பின்னுமா தாறுமாறா இருக்கும். பேரண்ட் உறவு குலையாம பார்க்கணும்னா '--டோப்போ-ஆர்டர்' போடுங்க.

5.30 மணி நேரம் எங்க போச்சு?

கிட் நேரத்தை எப்படிச் சேமிக்குது? 1970 ஜனவரி 1-ல இருந்து, கிரீன்விச் கணக்குல, எத்தனை விநாடி ஆச்சுங்கிற ஒரு எண். பக்கத்துல டைம்சோன் வித்தியாசம். உதாரணமா 1700000000, பக்கத்துல +0530. நம்ம ஊர்க் கணக்குல இது 2023 நவம்பர் 15, விடியற்காலை 3 மணி 43 நிமிஷம் 20 விநாடி. யூடிசி கணக்குல நவம்பர் 14, ராத்திரி 10 மணி 13 நிமிஷம் 20 விநாடி. நொடி ஒண்ணுதான், நாள் மாறிடுச்சு.

சாதாரணமா கிட் லாக் ஒவ்வொரு கமிட்டையும் அதை எழுதினவரோட டைம்சோன்லயே காட்டும். சென்னையில ஒருத்தர், பெர்லின்ல ஒருத்தர், க்ளவுட்ல யூடிசி-ல ஓடற ஒரு சர்வர்னு டீம் கலந்திருந்தா, மணியை மட்டும் பார்த்து யார் முன்னாடி, யார் பின்னாடின்னு சொல்லாதீங்க. '--டேட்=லோக்கல்' போட்டா எல்லாத்தையும் உங்க மெஷினோட நேரத்துக்கு மாத்திக் காட்டும். அப்புறம் ஒப்பிடுங்க.

காலேஜ்ல விண்டோஸும் உபுண்டுவும் டூயல் பூட் வச்சிருந்தவங்களுக்கு இன்னொரு அனுபவம் இருக்கும். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் பொதுவா அதை யூடிசி-ன்னு எடுத்துக்கும். அதனால உபுண்டு திறந்ததும், நெட் வந்து நேரம் சரியாகிற வரைக்கும், கடிகாரம் 5.30 மணி நேரம் முன்னாடி ஓடும். அந்த இடைவெளியில கமிட் பண்ணா, அது எதிர்காலத்துல நடந்த கமிட். கிட் ஒரு கேள்வியும் கேட்காது. உங்க மெஷின் என்ன சொல்லுதோ அதை அப்படியே எழுதிக்கும்.

அப்போ தேதியை நாமளே மாத்தலாமா?

மாத்தலாம். ரொம்ப சுலபம். 'கிட் கமிட்'கூட '--டேட்' போட்டு எந்தத் தேதி வேணும்னாலும் கொடுக்கலாம். ஆனா அது ஆத்தர் டேட்டை மட்டும்தான் மாத்தும். கமிட்டர் டேட்டையும் மாத்த, கமாண்டுக்கு முன்னாடி ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் வைக்கணும். பேரு கிட் கமிட்டர் டேட், எல்லாம் கேப்பிடல் லெட்டர், நடுவுல அண்டர்ஸ்கோர். இதே மாதிரி கிட் ஆத்தர் டேட்டும் உண்டு. ரீபேஸ்ல '--கமிட்டர்-டேட்-இஸ்-ஆத்தர்-டேட்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ரெண்டு தேதியும் பழையபடி ஒண்ணா நிக்கணும்னா அதைப் போடலாம்.

இதுக்கெல்லாம் நியாயமான தேவை இருக்கா? இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ரெண்டு'ன்னு ஃபோல்டரா சேர்த்து வச்சிருப்போம். அதை ஒழுங்கா கிட்டுக்குக் கொண்டு வரும்போது, ஒவ்வொண்ணையும் அது நடந்த தேதியிலயே கமிட் பண்றது சரியான வேலை. பழைய வெர்ஷன் கன்ட்ரோல்ல இருந்து கிட்டுக்கு மாறும்போதும் இதேதான். கடிகாரம் தப்பா ஓடினப்போ விழுந்த கமிட்டைத் திருத்தறதும் சரிதான்.

ஆனா ஒரு விலை உண்டு. கமிட்டோட ஹேஷ், அதுக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் சேர்த்துக் கணக்கு போட்டு வர்றது. தேதியும் அதுல அடக்கம். ஒரு விநாடி மாத்தினாலும் ஹேஷ் மாறும். அடுத்த கமிட் இந்த ஹேஷைத்தான் தன்னோட பேரண்ட்னு எழுதி வச்சிருக்கு. அதனால அதோட ஹேஷும் மாறும், அதுக்கடுத்ததும் மாறும், கடைசி வரைக்கும். 50 கமிட்டுக்கு முன்னாடி இருக்கிற ஒரு தேதியைத் திருத்தினா, அந்த கமிட்டும் அதுக்கப்புறம் வந்த 50-ம் புது கமிட்.

புஷ் பண்ணாத கமிட்டுன்னா இதனால யாருக்கும் நஷ்டமில்ல. புஷ் பண்ணி மத்தவங்க அதை எடுத்துட்டாங்கன்னா, உங்க வரலாறும் அவங்க வரலாறும் பிரிஞ்சு போகும். ஃபோர்ஸ் புஷ் பண்ணி நீங்க தப்பிச்சுடலாம். காலையில புல் பண்ற உங்க டீம்மேட்தான் மாட்டிப்பாங்க. நான் வச்சிருக்கிற விதி இது: புஷ் பண்ற வரைக்கும் தேதி என் சொந்த விஷயம், புஷ் பண்ணிட்டா தொடமாட்டேன்.

நியாயமில்லாத தேவையும் இருக்கு, மறைக்க வேண்டாம். ப்ரொஃபைல்ல பச்சைக் கட்டம் நிரப்ப பழைய தேதியில காலி கமிட் போடற ஸ்கிரிப்ட் நிறைய சுத்துது. இன்டர்வியூ எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கட்டத்தை வச்சு யாரையும் எடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

கடித உதாரணத்துல இருந்த ஓட்டை

தபால் முத்திரையைக் குத்தறது போஸ்ட் ஆபீஸ். எழுதினவருக்கு அதுல கை இல்ல, அதனால நம்பறோம். கிட்ல ரெண்டாவது தேதியும் உங்க மெஷின்தான் குத்துது. முத்திரையும் உங்க கையிலயே இருக்கு. கமிட்டை டிஜிட்டலா சைன் பண்ணாலும் இது மாறாது. "இந்தத் தேதியோட இருக்கிற இந்த கமிட்டை இந்தச் சாவி வச்சிருக்கிறவர் ஒப்புக்கிட்டார்"னு சைன் சொல்லும். தேதி உண்மையான்னு சொல்லாது.

இதுக்கு உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு. 2024 மார்ச் 29 அன்னைக்கு ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட்ங்கிற இன்ஜினியர், எக்ஸ்இசட் யூட்டில்ஸ்னு லினக்ஸ்ல ரொம்பப் பரவலா இருக்கிற கம்ப்ரஷன் சாஃப்ட்வேர்ல ஒரு பேக்டோர் இருக்குன்னு வெளியிட்டார். எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை விநாடி மெதுவா இருக்கேன்னு தோண்டப் போய் கண்டுபிடிச்சது. அதை நுழைச்ச அக்கவுண்டோட பேரு ஜியா டான். ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லபடியா வேலை பார்த்து நம்பிக்கை வாங்கின அக்கவுண்ட்.

உடனே பலர் அந்த ஆளோட கமிட் நேரங்களைத் தோண்டினாங்க. பெரும்பாலானதுல டைம்சோன் +0800, அதாவது சீனா இருக்கிற நேரப் பகுதி. ஆனா கொஞ்சம் கமிட்ல மட்டும் +0200, +0300. கிழக்கு ஐரோப்பாவுல குளிர்காலத்துக்கும் கோடைக்கும் வர்ற எண்கள் இவை. கடிகாரத்தை மாத்தி வச்சு வேலை பார்த்தவர் சில நாள் மாத்த மறந்துட்டாரா? இல்ல, அப்படி நினைக்கணும்னே போட்டாரா? டைம்ஸ்டாம்ப் மட்டும் இதுக்குப் பதில் சொல்லாது. அது ஒரு துப்பு. அதுக்கு மேல ஏத்திப் பிடிக்க முடியாது.

நம்ம ஆபீஸ் அளவுலயும் அதேதான். எப்போ நடந்துச்சுன்னு உறுதியா தெரியணும்னா, ஒருத்தர் மெஷினைச் சார்ந்திராத பதிவைப் பாருங்க. சர்வர்ல புஷ் வந்த நேரம், பில்ட் ஓடின லாக், டிப்ளாய் ஆன லாக். கமிட் தேதியை அதோட பக்கத்துல வச்சுப் படிங்க.

அந்த மீட்டிங் எப்படி முடிஞ்சுது?

ஃபுல்லர் அவுட்புட்டைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். ஒத்துக்கறேன், அந்த ஒரு நிமிஷத்துல "யாருக்கும் தெரியாதே"ன்னும் தோணுச்சு. ஆனா தம்பி எதிர்ல உட்கார்ந்திருக்கான். பஸ் டிக்கெட் மெசேஜை போன்ல தேடிட்டு இருக்கான், நிரூபிக்க.

"அவன் இல்ல, நான்"னு சொல்லி ஸ்கிரீனை ஷேர் பண்ணேன். கமிட்டர் வரியைக் காட்டினேன், கான்ஃப்ளிக்ட்ல நான் விட்ட தப்பைக் காட்டினேன். திட்டு விழுந்துச்சு. ஃப்ரீஸை மீறினது, ரீபேஸ் பண்ணதைத் திரும்ப ரெவ்யூவுக்கு அனுப்பாதது, ரெண்டுக்கும். நியாயமான திட்டுதான். தம்பி அடுத்த மாசம் கன்ஃபர்ம் ஆனான். வெளிய வந்ததும் "அண்ணா, நானே ஒரு நிமிஷம் நான்தான் பண்ணிட்டேனோன்னு நினைச்சுட்டேன்"னான். அது இன்னும் என் காதுல இருக்கு. ஒரு அவுட்புட் வரியைக் காட்டினா, மனுஷன் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட ஆரம்பிச்சுடறான்.

அன்னைக்கு சாயங்காலமே அந்த ஸ்கிரிப்டைத் திருத்தினோம். இப்போ ரிப்போர்ட்ல நாலு காலம்: எழுதினவர், எழுதின நேரம், சேர்த்தவர், சேர்த்த நேரம். எல்லாம் ஒரே டைம்சோன்ல. உங்க டீம்லயும் இப்படி ஒரு ஸ்கிரிப்டோ டேஷ்போர்டோ நிச்சயம் இருக்கும். இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி அது எந்தப் பேரை எந்தத் தேதியோட சேர்க்குதுன்னு பாருங்க. ஃபார்மட் எழுத்துல ஏ-ல ஆரம்பிக்கிறது ஆத்தர், சி-ல ஆரம்பிக்கிறது கமிட்டர். பர்சென்ட் ஏஎன்-கூட பர்சென்ட் ஏடி வரணும், பர்சென்ட் சிஎன்-கூட பர்சென்ட் சிடி வரணும். மாறியிருந்தா, அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி மாத்திடுங்க.

உங்களுக்கு இப்படி கமிட் நேரத்தால நடந்த கதை இருந்தா எங்களுக்கு எழுதுங்க, கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் பத்திப் பேசுவோம். ஏன் அந்தத் தலைப்புன்னு இப்போ உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.